பழைய தையல் இயந்திரங்களைச் சேகரித்தல்

பழைய தையல் இயந்திரங்களைச் சேகரித்தல் என்பது, உற்பத்தி நின்றுபோன வீட்டுத் தையல் இயந்திரங்களைத் தேடி வாங்கி, துப்புரவு செய்து, இயங்கும் நிலையில் வைத்துப் பயன்படுத்தும் ஒரு பொழுதுபோக்கு ஆகும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் இசுக்காட்லாந்தின் கிளைடுபேங்க் நகர ஆலையில் செய்யப்பட்ட சிங்கர் இயந்திரங்களையும், கல்கத்தாவில் செய்யப்பட்ட தொடக்ககால உசா இயந்திரங்களையும் சுற்றியே அமைகிறது. கையால் சுழற்றுவது பேச்சு வழக்கில் கைமெஷின் என்றும், காலால் மிதிப்பது கால்மெஷின் என்றும் வழங்கப்படுகின்றன. இக்கட்டுரை வியாசர்பாடி, பெரம்பூர், பழைய வண்ணாரப்பேட்டை, இராயபுரம் முதலிய வடசென்னைப் பகுதிகளின் சூழலை முதன்மையாகக் கொண்டு கைமெஷின்களை விளக்குகிறது.

இவ்வியந்திரங்களின் மதிப்பு அவற்றின் அருமையால் வருவதன்று. சிங்கர் நிறுவனம் அவற்றைக் கோடிக்கணக்கில் செய்து விற்றது. நூறு ஆண்டு கழித்தும் தைக்கின்றன என்பதே அவற்றின் மதிப்பு. இதை அறியாமல் "பழைய பொருள், ஆகவே இலட்சம் பெறும்" என்று எண்ணுவோரால் நல்ல இயந்திரங்கள் பல கெட்டிருக்கின்றன.

மேலைநாட்டு வழக்கும் தமிழ்நாட்டு வழக்கும்

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய வீட்டுச் சாதனங்களைச் சேகரிப்போர் நடுவே நிமிர்நிலைத் தூசி உறிஞ்சிகளுக்குத் தனி இடம் உண்டு. ஒகையோ மாநிலத்தின் காண்டன் நகரில் கட்டடத் துப்புரவுப் பணி செய்த சேம்சு மர்ரே சுபேங்லர் என்பவர் 1908இல் காப்புரிமம் பெற்ற கருவியை ஊவர் நிறுவனம் வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. கைப்பிடியில் தொங்கும் துணிப்பை, அடியில் சுழலும் தூரிகை, அதற்குப் பின் மின்னோடியும் விசிறியும் என்ற அமைப்பு அதிலிருந்தே பரவியது. 1926இல் கம்பளத்தைத் தட்டித் தூசியை எழுப்பும் உருளை சேர்க்கப்பட்டது.

அக்கருவி கம்பளத்திற்காகவே பிறந்தது. காவித் தரையும் மொசைக் தரையும் கொண்டு, தண்ணீர் விட்டுக் கழுவப்படும் தமிழ் வீட்டில் அதற்கு வேலை இல்லை. இந்தியாவில் 1982இல் தொடங்கப்பட்ட யுரேக்கா போர்ப்சு நிறுவனம் வீடு வீடாகச் சென்று தூசி உறிஞ்சிகளை விற்றபோதும், அவை தரையில் இழுத்துச் செல்லும் உருளை வடிவினவாகவே இருந்தன. மேலும், அமெரிக்கப் பழங்கருவி 110 முதல் 120 வோல்ட்டில் இயங்குவது. நம் நாட்டின் 230 வோல்ட்டில் அதை நேரடியாகச் செருகினால் மின்னோடி எரிந்துவிடும், இடையில் ஒரு மின்மாற்றி வேண்டும். கைமெஷினுக்கோ மின்சாரமே தேவையில்லை. மேலைநாட்டுச் சேகரிப்பாளருக்குத் தூசி உறிஞ்சி எப்படியோ, அப்படியே தமிழ்நாட்டுச் சேகரிப்பாளருக்குத் தையல் இயந்திரம் எனலாம்.

வரலாறு

பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தெலமி திமோனியே 1830இல் தையல் இயந்திரத்திற்குக் காப்புரிமம் பெற்றார். பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய பாரிசு நகரத் தையற்காரர்கள் 1831இல் அவருடைய பட்டறைக்குள் புகுந்து இயந்திரங்களை உடைத்தனர். ஊசி முனையில் துளையும், அடியில் இரண்டாம் நூலை ஏந்தும் ஓடமும் கொண்ட பூட்டுத்தையல் முறைக்கு அமெரிக்கரான எலியாசு ஓவே 1846இல் காப்புரிமம் பெற்றார். ஐசக் மெரிட் சிங்கர் 1851இல் பெற்ற காப்புரிமம், நேர் செங்குத்தாக ஏறி இறங்கும் ஊசியையும் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தையும் கொண்ட, நடைமுறைக்கு ஏற்ற இயந்திரத்தைத் தந்தது. அவருடைய கூட்டாளி எட்வர்டு கிளார்க்கு 1850களில் புகுத்திய தவணை முறை விற்பனையே அதை எளிய வீடுகளுக்குள் கொண்டு சென்றது. தவணைக்குப் பொருள் வாங்கும் பழக்கம் உலகெங்கும் பரவியதில் தையல் இயந்திரத்தின் பங்கு பெரிது.

கிளைடுபேங்க் நகரின் கில்போவி ஆலை 1885இல் இயங்கத் தொடங்கியது. 1913இல் மட்டும் அங்கு 13 இலட்சத்திற்கும் மேற்பட்ட இயந்திரங்கள் செய்யப்பட்டன. ஆலை 1980இல் மூடப்பட்டது. ஆலைக்காக ஏற்பட்ட தொடர்வண்டி நிலையம் இன்றும் சிங்கர் என்ற பெயரையே தாங்கி நிற்பது ஒரு வியப்பு. இந்தியாவிற்கு வந்த சிங்கர் இயந்திரங்களுள் பெரும்பாலானவை இங்கு செய்யப்பட்டவையே.

சிங்கர் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் விற்பனையைத் தொடங்கிவிட்டது. கொழும்பில் அதன் கிளை 1877இல் திறக்கப்பட்டது. இயந்திரங்களை ஐயத்துடன் பார்த்த மகாத்மா காந்தி, 1924இல் நடந்த ஓர் உரையாடலில் சிங்கர் தையல் இயந்திரத்திற்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துப் படும் துன்பத்தைக் கண்டு அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவர் கூறிய காரணம். சிங்கரின் இல்லற வாழ்வை அறிந்தோர் இக்காரணத்தை ஏற்பது கடினம். ஆயினும் தனி மனிதரின் உழைப்பை மாற்றாமல் எளிதாக்கும் இயந்திரம் என்ற காந்தியின் கருத்து கைமெஷினுக்குச் சரியாகவே பொருந்துகிறது.

கல்கத்தாவில் செய் எஞ்சினியரிங் நிறுவனம் 1930களில் உசா இயந்திரத்தை உருவாக்கியது. நிறுவனரின் மகள் பெயரே இயந்திரத்தின் பெயராயிற்று. விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது உசாவும் பஞ்சாபின் லூதியானா நகரப் பட்டறைகளும் இந்தியச் சந்தையை நிரப்பின. இவற்றுள் மிகப் பலவும் சிங்கர் 15ஆம் வகையைப் பின்பற்றியவை. இன்று ஊர்தோறும் காணப்படும் கறுப்பு நிறக் கால்மெஷினின் முன்னோடி அதுவே.

வடசென்னையில்

வடசென்னையில் தையல் இயந்திரம் அலங்காரப் பொருளாக இருந்ததில்லை. பெரம்பூரில் இயங்கிய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் சீருடைக்கான காக்கித் துணிக்குப் பெயர் பெற்றவை; அவை 1990களில் மூடப்பட்டன. பழைய வண்ணாரப்பேட்டையின் எம்.சி. சாலை இன்றும் துணி, ஆயத்த ஆடை வணிகத்திற்குப் பெயர் பெற்றது. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பலர் வியாசர்பாடியில் குடியமர்ந்தனர். இத்தகைய உழைக்கும் மக்கள் பகுதிகளில் வீட்டில் ஒரு தையல் இயந்திரம் இருப்பது, ஆண் வருமானம் நின்றாலும் அடுப்பு எரியும் என்பதற்கான உறுதியாகக் கருதப்பட்டது. மணமகளுக்குச் சீராக இயந்திரம் தரும் வழக்கமும் இதனால் வந்ததே.

தமிழக அரசு ஏழைப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்திற்குச் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. வியாசர்பாடிக்கு அடுத்த பெரம்பூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். இயந்திரம் ஒரு குடும்பத்தின் வருமானமாகக் கருதப்படுவதற்கு இத்திட்டமே சான்று. சேகரிப்பாளர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். விற்பனைக்கு வரும் இயந்திரம் மூலையில் கிடந்ததா, அல்லது வாடகை பாக்கிக்காக விற்கப்படும் இயங்கும் இயந்திரமா என்று கேட்டறிவது நல்லது. இரண்டாவதாயின் வாங்காமல் இருப்பதே முறை.

வகைகள்

சிங்கர் 28கே: தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்களின் முதல் தேர்வு. 27ஆம் வகையின் முக்கால் அளவுள்ள உருவம். அடியில் படகு போன்ற ஓடம் ஒன்று முன்னும் பின்னும் வளைந்து ஆடும். அதற்குள் நீண்டு மெலிந்த பாபின் இருக்கும். வளைந்த மரமூடியுடன் வரும். பின்னோக்கித் தைக்கும் வசதி இதில் இல்லை.

சிங்கர் 66கே, 99கே: வட்ட பாபினை மேலிருந்து போடும் வகை. 99கே சிறியது. பழகுவோருக்கு மிக எளிது.

சிங்கர் 15கே: பாபின் கூடு இடப்பக்கம் செங்குத்தாக அமைந்தது. உசா போன்ற இந்திய இயந்திரங்களின் உதிரிகள் பல இதற்குப் பொருந்துவதால் பழுது பார்ப்பது எளிது.

சிங்கர் 201கே: முழுதும் பற்சக்கரங்களால் இயங்குவது, தையலின் சீர்மைக்குப் பெயர் பெற்றது. எடை மிகுதி.

சிங்கர் 29கே: வீட்டு இயந்திரமன்று, செருப்பும் தோற்பையும் தைப்பதற்கானது. ஒல்லியான நீண்ட கை, எத்திசையிலும் திரும்பும் பாதம் ஆகியவற்றால் அடையாளம் காணலாம். சென்னையின் தோல் வணிகப் பகுதியான பெரியமேட்டை ஒட்டிய தெருக்களில் இவ்வகையின் பின்வந்த உருவங்கள் இன்றும் உழைக்கின்றன. அவற்றைச் சேகரிப்புப் பொருள் என்று அழைப்பது அவற்றின் உரிமையாளர்களுக்கு நகைப்பாக இருக்கும்.

19ஆம் நூற்றாண்டின் 12ஆம் வகை எனப்படும் பிடில் வடிவ அடிப்பாகம் கொண்ட இயந்திரங்கள் எப்போதாவது கிடைக்கும். அவற்றிற்கான ஊசி இன்று பொதுக் கடைகளில் கிடைப்பதில்லை என்பதால் தைக்க விரும்புவோர் அவற்றைத் தவிர்க்கலாம்.

வயதறிதல்

இயந்திரத்தின் அடித்தட்டில், வலப்பக்கத் தூணின் அருகே பொறிக்கப்பட்ட தொடர் எண்ணே வயதுக்குச் சான்று. 1900க்கு முன் எண் மட்டுமே இருக்கும். 1900 முதல் எண்ணுக்கு முன் ஓர் ஆங்கில எழுத்து சேர்க்கப்பட்டது. ஜே, எஃப், ஒய் போன்றவை கிளைடுபேங்க் ஆலைக்கு உரியவை. 1930களின் நடுவிலிருந்து ஈஏ, ஈபி என இரண்டு எழுத்துகள் வரத் தொடங்கின. நிறுவனத்தின் எண் ஒதுக்கீட்டுப் பட்டியலுடன் ஒப்பிட்டால் ஆண்டு தெரியும். பட்டியலிலுள்ள நாள் எண்தொகுதி ஒதுக்கப்பட்ட நாளே தவிர, குறிப்பிட்ட இயந்திரம் முடிந்த நாள் அன்று.

தூணில் பதித்த பித்தளைப் பட்டயத்தில் 1851–1951 என்று நீல விளிம்புடன் இருந்தால் அது நூற்றாண்டு நிறைவையொட்டி வந்த இயந்திரம். விற்போர் பலர் 1851 என்ற எண்ணைக் காட்டி, இயந்திரம் அவ்வாண்டில் செய்யப்பட்டது என்பர். இது பெரும்பாலும் அறியாமையே. ஆனால் விலை மட்டும் அறிந்தே கூட்டப்படும்.

உடலில் பொன்னிறத்தில் இருக்கும் இசுபிங்சு, தாமரை, பூங்கொடி முதலிய படங்கள் அச்சிட்டு ஒட்டி மேற்பூச்சு இடப்பட்டவை. கை படும் இடத்தில் இவை தேய்ந்திருப்பது இயல்பு. எண்பது ஆண்டு இயந்திரத்தில் படம் முழுதும் பளபளத்தால், புதிதாக வண்ணம் பூசிப் புதுப் படம் ஒட்டியிருக்கிறார்கள் என்று கொள்க.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சென்னையில் பழம்பொருள் வணிகத்தின் பெயர்பெற்ற இடமாக இருந்த மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. இன்று இயந்திரங்கள் வீடு காலி செய்வோர், தையற்கடை மூடுவோர், காயலான் கடைகள் ஆகிய வழிகளிலேயே கிடைக்கின்றன. காயலான் கடையில் வார்ப்பிரும்பு எடைக்கு விலை பேசப்படுகிறது. ஆகவே இயந்திரம் அங்கு வந்து சேரும் நாளுக்கும் அது சம்மட்டிக்குப் போகும் நாளுக்கும் இடையில் வாங்குபவர் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது பயன் தரும்.

முதலில் சக்கரத்தைத் தன் பக்கமாக மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். சுழலாவிட்டால் உடனே ஒதுக்க வேண்டியதில்லை. காய்ந்த எண்ணெயால் இறுகியதாக இருக்கலாம், அது சரியாகும். ஆனால் சற்றுச் சுழன்று ஒரே இடத்தில் உலோகம் மோதும் ஓசையுடன் நின்றால் உள்ளே ஏதோ உடைந்திருக்கக் கூடும். அடித்தட்டிலோ கைப்பகுதியிலோ விரிசல் இருந்தால் வாங்கக் கூடாது. வார்ப்பிரும்பைப் பற்றவைப்பது கடினம். வைத்தாலும் அச்சு நேராக நிற்பதில்லை.

அடுத்து, இல்லாத உறுப்புகள். 28கே வாங்குவோர் நகரும் தட்டைத் திறந்து ஓடமும் பாபினும் இருக்கின்றனவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஓடம் இல்லாத 28கே தைக்காது. உள்ளூர்த் தையல் பொருட் கடைகளில் அது கிடைப்பது அரிது. நகரும் தட்டுகள், ஊசியை இறுக்கும் திருகு, நூற்கண்டுக் கம்பி ஆகியவையும் அடிக்கடி தொலைபவை. கைப்பிடியின் மரக்குமிழ் போயிருந்தால் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளலாம். கைச்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மின்னோடி பொருத்திய இயந்திரங்களில் பழைய இரப்பர் உறையிட்ட கம்பி வெடித்திருக்கும். அதை மாற்றாமல் மின் இணைப்புக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

துருவைப் பொறுத்தவரை, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் நிக்கல் பூசிய உறுப்புகள் உப்புக் காற்றால் புள்ளி விழுந்திருப்பது வழக்கம். மேற்பரப்புத் துரு தீங்கற்றது. வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரம் வேறு கதை. 2015 திசம்பர் வெள்ளத்திலும், 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் வடசென்னையின் தாழ்வான தெருக்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. மழைக்கு வியாசர்பாடியின் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்புவதை நகரமே அறியும். நீரில் நின்ற இயந்திரத்தின் தாங்கிகளுக்குள் வண்டல் இருக்கும். அதைச் சுழற்றிப் பார்ப்பதற்கு முன்பே மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ வேண்டும். இல்லையேல் மணல் தாங்கியை அராவிவிடும்.

சிவப்புப் பாதரசப் புரளி

2009 ஏப்பிரலில் சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி பரவியது. பழைய சிங்கர் இயந்திரங்களின் ஊசிப் பகுதியில் சிவப்புப் பாதரசம் என்ற அரிய பொருள் இருக்கிறது. அது புதையலைக் காட்டும், அணு ஆற்றலுக்கும் உதவும் என்பது அதன் சாரம். கைப்பேசியை ஊசியின் அருகே கொண்டு சென்றால் இணைப்பு அறுந்தால் அது உண்மையான இயந்திரம் என்று ஒரு சோதனையும் சொல்லப்பட்டது. அற்ப விலைக்குப் போய்க்கொண்டிருந்த இயந்திரங்களுக்குப் பல்லாயிரம் ரியால் கேட்கப்பட்டது. தையற்கடைகளில் திருட்டும் நடந்தது. அரசு அது பொய் என்று அறிவிக்க நேர்ந்தது.

அப்படி ஒரு பொருள் தையல் இயந்திரத்தில் இல்லை. சிவப்புப் பாதரசம் என்ற பெயரில் சொல்லப்படும் அணு ஆயுதப் பொருளும் மெய்ப்பிக்கப்படாத கற்பனையே. இயந்திரத்தின் எந்த உறுப்பிலும் பாதரசம் பயன்படுத்தப்படவில்லை. வார்ப்பிரும்பு, எஃகு, நிக்கல் பூச்சு, சிறிது பித்தளை, மரம் ஆகியவையே அதன் உள்ளடக்கம். ஊசியின் அருகே கைப்பேசி இணைப்பு அறுந்தால் அங்கு அலைவரிசை குறைவு என்பதற்கு மேல் பொருள் இல்லை.

தமிழ்நாட்டில் அரிசியை இழுக்கும் இரிடியக் கலசம் என்ற பெயரில் நடந்த மோசடிகளை அறிந்தோருக்கு இப்புரளியின் வடிவம் புதிதாகத் தோன்றாது. முன்பணம் வாங்குவது, வெளிநாட்டு ஆய்வாளர் வருவார் என்று காத்திருக்க வைப்பது, யாரிடமும் சொல்லக் கூடாது என்பது ஆகிய மூன்றும் இதிலும் உண்டு. தீங்கு பணத்தோடு நிற்பதில்லை. பாதரசம் தேடி இயந்திரத்தை உடைத்தவர்களும் உண்டு. உடைத்த பின் காயலான் கடை எடைதான் மிச்சம். பழைய சிங்கருக்கு இலட்சக்கணக்கில் தருவதாக யாரேனும் கூறினால் அது மோசடி என்றே கொள்ள வேண்டும்.

துப்புரவும் எண்ணெயும்

பழைய இயந்திரம் கெடுவது பெரும்பாலும் தேய்வினால் அன்று, தவறான எண்ணெயினால்தான். தமிழ் வீடுகளில் கைக்கு எட்டுவது தேங்காயெண்ணெய். இயந்திரம் இறுகினால் இரண்டு சொட்டு அதையே விடுவது வழக்கம். விட்டவுடன் இயந்திரம் இளகும் என்பதால் இப்பழக்கம் நிலைத்துவிட்டது. ஆனால் தேங்காயெண்ணெய் 25 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும் தன்மையது. மார்கழிக் காலையில் இயந்திரம் கனப்பது இதனால்தான். நாள்பட்டால் அது பஞ்சு, தூசியுடன் கலந்து பழுப்புப் பிசினாகித் தாங்கிகளை ஒட்டிவிடும். விளக்கெண்ணெயும் அவ்வாறே. தையல் இயந்திரத்திற்கென விற்கும் நிறமற்ற மெல்லிய கனிம எண்ணெய் ஒன்றே ஏற்றது. விலையும் குறைவு.

இறுகிய இயந்திரத்திற்குச் செய்முறை இதுவாகும். மரப்பெட்டியிலிருந்து தலையைச் சாய்த்து, அடிப்பகுதியில் தெரியும் பஞ்சையும் தூசியையும் தூரிகையால் எடுக்க வேண்டும். பின்னர் எண்ணெய் விடும் துளைகளிலும் உலோகத்தின் மேல் உலோகம் அசையும் இடங்களிலும் மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு ஓரிரவு விடலாம். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் சிறிதளவே அசைக்க வேண்டும். குறடு கொண்டு திருப்பக் கூடாது. இளகவில்லையாயின் மீண்டும் விட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு வாரம் ஆவதும் உண்டு. இளகியபின் மண்ணெண்ணெயை முழுதும் துடைத்து எண்ணெய் விடுவது கட்டாயம், ஏனெனில் மண்ணெண்ணெய் உராய்வைத் தடுக்காது.

வெளிப்புறத்தில் கறுப்புப் பூச்சும் பொற்படங்களும் அரக்குவகை மேற்பூச்சினால் காக்கப்படுகின்றன. சாராயம், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர் ஆகியவை இப்பூச்சைக் கரைத்துவிடும். அதன்பின் பொன்னிறம் வெள்ளியாக வெளிறும், திரும்ப வராது. தையல் எண்ணெயில் நனைத்த மென்பருத்தித் துணியால் மெல்லத் துடைப்பதே பாதுகாப்பானது. பண்டிகைக்குப் பாத்திரம் துலக்குவது போலத் துலக்கி, இசுபிங்சின் முகத்தையே அழித்துவிட்ட இயந்திரங்கள் மிகப் பல.

தைத்தல்

28கே, 15கே, 66கே, 99கே ஆகியவை இன்று எல்லாத் தையல் கடைகளிலும் கிடைக்கும் ஒருபக்கம் தட்டையான வீட்டு இயந்திர ஊசியையே ஏற்கின்றன. நூறாண்டுக்கு முந்தைய இயந்திரத்திற்கு இன்றைய ஊசி பொருந்துவது இவற்றைப் பயன்படுத்துவோருக்குக் கிடைத்த பெரும் வசதி. தட்டைப் பக்கம் எத்திசை என்பது இயந்திரத்திற்கு இயந்திரம் மாறும். ஊசியின் நீண்ட பள்ளம் எப்பக்கமோ அப்பக்கத்திலிருந்து நூலைக் கோக்க வேண்டும். தட்டைப் பக்கம் அதற்கு எதிரே இருக்கும். 28கேயில் நூல் இடமிருந்து வலமாகக் கோக்கப்படுகிறது.

கைப்பிடியைத் தன்னைவிட்டு விலகும் திசையில் சுழற்ற வேண்டும். பற்சக்கரம் திசையை மாற்றுவதால் பெரிய சக்கரம் தைப்பவரை நோக்கிச் சுழலும். கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ மூன்று தையல் விழும். வலக்கை சுழற்றலில் இருப்பதால் துணியை இடக்கை ஒன்றே வழிநடத்த வேண்டும்; முதல் சில நாட்கள் கோடு வளைவது இயல்பு. பாபினில் நூல் சுற்றும்போது சக்கரத்தின் நடுவிலுள்ள திருகைத் தளர்த்தினால் ஊசி ஏறி இறங்காமல் நிற்கும். சுற்றி முடித்தபின் அதை மறவாமல் இறுக்க வேண்டும். "மெஷின் ஓடுகிறது, ஊசி அசையவில்லை" என்று விற்கப்படும் இயந்திரங்கள் சிலவற்றின் நோய் இத்திருகு மட்டுமே.

துணியின் அடியில் நூல் சிக்கலாக விழுந்தால் பெரும்பாலோர் பாபினைக் குறை கூறுவர். உண்மையில் மேல்நூல் இழுவிசைத் தகடுகளுக்கு இடையே அமரவில்லை என்பதே வழக்கமான காரணம். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி திருப்பிப் போடப்பட்டிருக்கும், அல்லது முழுதும் மேலேறாமல் இருக்கும், அல்லது முனை மழுங்கியிருக்கும். பல்லுக்கும் பாதத்திற்கும் இடையே துணி இல்லாமல் சுழற்றினால் பல் தேயும் என்பதால் வெறுமனே ஓட்டும்போது பாதத்தை உயர்த்தி வைக்க வேண்டும். பருத்தி, மெல்லிய சணல், இரண்டு மடிப்புச் சீன்சு துணி வரை கைமெஷின் சிரமமின்றித் தைக்கும். இழுபடும் பின்னலாடைத் துணிக்கு நேர்த்தையல் ஏற்றதன்று, அறுந்துவிடும்.

செப்பனிடுதல் குறித்த கருத்து வேறுபாடுகள்

சேகரிப்பாளரிடையே இரு போக்குகள் உள்ளன. ஒரு சாரார் மேற்பூச்சை உரித்து, புது வண்ணம் பூசி, புதுப் படம் ஒட்டி, நிக்கல் மறுபூச்சு செய்கின்றனர். மற்றொரு சாரார் தேய்வையும் கீறலையும் அப்படியே விட்டு, இயக்கத்தை மட்டும் சீராக்குகின்றனர். படத்தில் உள்ளங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம், அதன்முன் உட்கார்ந்திருந்தவரின் கையைக் காட்டுவது. அதை மறைத்தபின் எஞ்சுவது எந்த வீட்டுக்கும் உரியதல்லாத ஒரு பளபளப்பு. ஆகவே இரண்டாவது போக்கே வலுவானது. எனினும் தைத்துச் சம்பாதிக்கும் ஒருவர் தம் இயந்திரத்திற்கு வண்ணம் பூசினால் அதில் குறை காண இடமில்லை.

கால்மெஷினின் வார்ப்பிரும்புக் கால்சட்டத்தைப் பிரித்து உணவகங்களில் மேசையாக்கும் வழக்கமும் பரவியுள்ளது. சட்டம் பிரிந்ததும் தலை தனியே காயலான் கடைக்குப் போகிறது. அத்தகைய தலை கிடைத்தால் கைப்பிடி அமைப்பைப் பொருத்திக் கைமெஷினாக மாற்றலாம். சக்கரத்தில் கைப்பிடி கவ்வுவதற்கான ஆரைகளும், தூணின் பின்புறம் திருகு மாட்டும் மேடும் இருந்தால் போதும். லூதியானாவில் செய்த கைப்பிடி அமைப்புகள் இதற்குப் பொருந்துகின்றன.